இடது கைப் பக்கம்

சாயங்காலம் ஐந்தேகால் மணி. ஆடி மாதம். கொழுந்து நிறுத்து முடிந்து, எல்லாரும் வண்டிப் பாதை வழியாக லயத்து வீடுகளுக்கு இறங்கிவிட்டார்கள். ஆற்றோரக் குறுக்குப் பாதையில் மட்டும் ஒருத்தி போய்க்கொண்டிருக்கிறாள்... முதுகில் வெறுங்கூடை. தலையில் நனைந்த கம்பளி. இடது கையில் அவள் மகளின் கை.

விளக்குத் திரியைக் கொஞ்சம் இறக்குங்கள். இன்னும் நெருங்கி உட்காருங்கள். ராத்திரியில் சொல்லுகிற கதைதான்... ஆனால் நடந்தது ராத்திரியில் இல்லை. அப்போது பொழுது சாயக்கூட இல்லை. மூடுபனி இருந்தது, அவ்வளவுதான்.

பொகவந்தலாவைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தாரே பொன்னையா, அவருடைய அக்காள் மகள் பூரணிக்கு நடந்தது இது. பொன்னையா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் தன் இடது கையைக் கம்பளிக்குள்ளே வைத்துக்கொள்வார். ஏன் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம். பூரணிக்கு இருபத்தேழு வயது. புருஷன் பெயர் அழகன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. ஒரே மகள் மீனம்மா, ஆறு வயது. ஓயாமல் பேசுகிற பிள்ளை. நடக்கும்போது, தின்னும்போது, தூக்கத்தில்கூட ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும்.

பூரணிக்குப் பெரியவளான நாளிலிருந்து ஒரு தொல்லை உண்டு. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மாதத்துக்கு ஒரு தடவை வரும். முதலில் பார்க்கிற பொருளில் ஒரு பொட்டு அளவு காணாமல் போகும். சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணுக்குள் ஒரு கறை நிற்குமே, அது மாதிரி. பிறகு அந்த இடத்தில் ஒரு வெளிச்சம் நெளியும். மரம் அறுக்கிற வாளின் பல்லைப் போல, கோணல் கோணலாக, வெள்ளி நிறத்தில்... துடித்துக்கொண்டே அரைவட்டமாக விரியும். இடது பக்கமாகத்தான் விரியும். அந்த வட்டத்துக்குள்ளே எதுவும் இருக்காது. இருட்டு என்று நினைக்காதீர்கள். இருட்டு என்றால் கறுப்பாவது தெரியும். இது... அந்தப் பக்கத்தில் உலகமே படைக்கப்படாதது போல.

எதிரில் நிற்கிற ஆளின் முகத்தில் ஒரு கண்தான் இருக்கும். பாதி மூக்கு, பாதி வாய். அரை மணி நேரத்தில் அது விலகும். விலகிய கையோடு தலைவலி வரும். மண்டைக்குள் ஆணி இறக்குகிற மாதிரி வலி. வாந்தி. வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. ஈரத்துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருட்டுக் காம்பராவில், லயத்து ஒற்றை அறையில், கிடப்பாள். அவளுடைய தாய் வீரம்மாவும் அப்படித்தான் கிடப்பாளாம். பொன்னையா சின்ன வயதில் பார்த்திருக்கிறார்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? பாதி முகம் தெரியவில்லை என்றால் பைத்தியம் என்பார்கள். இல்லாவிட்டால் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். தலைவலி என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள்.

அன்றைக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுத் தட்டில் கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கணக்கப்பிள்ளையின் முகத்தில் இடது பக்கம் இல்லை.

வந்துவிட்டது.

மீனம்மா பக்கத்தில்தான் நின்றது. வழக்கமாக நாலு மணிக்கு அழகன் பிள்ளைக் காம்பராவுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவான். அன்றைக்கு அவன் வரவில்லை. பார்த்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பார்க்கிற ஆயா மீனம்மாவை மடுவத்துக்கு அனுப்பிவிட்டாள்.

வண்டிப் பாதையில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் வலி பிடித்துவிடும், நடுவழியில் விழுந்தால் பிள்ளையை யார் பார்ப்பது... பூரணி அப்படித்தான் நினைத்தாள். குறுக்குப் பாதை என்றால் இருபது நிமிஷம்.

அந்தப் பாதையில் இடது பக்கம் மலை. வலது பக்கம் சரிவு. சரிவுப் பக்கம் பிள்ளையை விடக்கூடாது என்று இடது கையில் பிடித்துக்கொண்டாள். எந்தத் தாயும் அப்படித்தான் பிடிப்பாள். மீனம்மா அவளுடைய சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அந்தக் கைக்கு அவ்வளவுதான் பிடிக்க முடியும்.

"அம்மா, அந்தத் தவளைக்குக் குளுராதா?"

"குளுராது. பேசாம வா."

"அதுக்குக் கம்பளி இல்லையே."

பூரணி குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே வெள்ளிப் பல் துடித்தது. அதற்குள்ளே மகள் இல்லை. கை இருந்தது. குரல் இருந்தது.

பாதி வழியில் ஆறு. மூன்று மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பாலம். வலது பக்கம் மட்டும் பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில். வழக்கமாக அந்த இடத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். அன்று குனிந்தால் வாந்தி வந்துவிடும் போல இருந்தது. வலது கையால் மூங்கிலைப் பிடித்தாள். இடது கையில் மகள். கட்டையின் நடுவில் நடப்பதாகத்தான் நினைத்தாள்... இடது ஓரம் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வழியில்லை.

நடுப்பாலத்தில் அந்தக் கை ஒரு நொடி நழுவியது.

ஒரு நொடிதான். அவள் விரல்களை மடக்குவதற்குள் திரும்பவும் வந்து பிடித்துக்கொண்டது. முன்னைவிட இறுக்கமாக.

ஆற்றுச் சத்தம் பெரிதாக இருந்தது. வேறு எதுவும் காதில் விழவில்லை.

அந்தப் பக்கம் ஏறினார்கள். பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது. பயந்திருக்கும் என்று பூரணி நினைத்தாள். கை சில்லென்று இருந்தது. பக்கத்தில் ஈரப் பாதங்களின் சத்தம்... சளப்... சளப்... ஆற்றுப் பாசியின் மணம்.

"குளுருதா கண்ணு?"

பதில் இல்லை. கை ஒரு தடவை அழுத்தியது.

லயத்துப் படிக்கட்டு வரைக்கும் அந்தக் கை அவள் கையில் இருந்தது. இதை அவள் சாகும் வரைக்கும் மாற்றிச் சொல்லவில்லை. படியில் அழகன் ராந்தலோடு நின்றுகொண்டிருந்தான்.

"புள்ள எங்க?"

"இந்தா..." என்று இடது கையைத் தூக்கினாள்.

அழகன் ராந்தலை அவள் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பிறகு அவளுக்குப் பின்னாலே பாதையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் அந்த விரல்கள் விட்டன. ஒவ்வொன்றாக... முதலில் சுண்டுவிரல்... கடைசியில் பெருவிரல்.

பந்தம் கட்டிக்கொண்டு லயமே திரண்டு போனது. மீனம்மா பாலத்துக்கு நேர் கீழே, இரண்டு பாறைக்கு நடுவில் கிடந்தது. இறங்கித் தூக்கியவர் பொன்னையாதான். விழுந்த இடத்திலிருந்து ஒரு அடி நகரவில்லை என்றார். பாறையில் தலை பட்டு அந்த நிமிஷமே உயிர் போயிருக்கிறது. ஒரு கை மட்டும் மேலே நீட்டியபடி விறைத்திருந்தது. விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல மடங்கியிருந்தன. புதைக்கும்போதும் அதைப் பிரிக்க முடியவில்லை.

அழகன் ஒரே ஒரு தடவை கேட்டான். மண் போட்டுவிட்டு வந்த அன்று.

"கைய விட்டியா?"

"விடலங்க."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. வேறு எதுவும் பேசவுமில்லை. சோறு போட்டால் தின்பான். எதிரே அவள் உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். நான்கு வருஷம் அப்படி ஓடியது. பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு அவர்கள் வீட்டில் ஆள் இருப்பதே சட்டிச் சத்தத்தில்தான் தெரியும்.

மாமியார் காளியாயி சும்மா இருக்கவில்லை. "அவ கண்ணுல என்னமோ குடி இருக்கு. சொந்தப் புள்ளையவே வாங்கிருச்சு" என்று உடப்புசல்லாவையிலிருந்து ஒரு கோடங்கியை வரவழைத்தாள். பிள்ளை போய் மூன்றாம் மாதம். சாம்பிராணிப் புகை, வேப்பிலை, உடுக்கை. எதிரில் எரிகிற கட்டை. பூரணி முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்... நெருப்பின் நடுவில் ஒரு பொட்டு காணாமல் போனது. பிறகு வெள்ளிப் பல். பிறகு இடது பக்கம் இல்லை.

அவளுடைய இரண்டு விரல்களை ஒரு சின்னக் கை வந்து பிடித்தது.

சில்லென்ற கை. நகத்தில் ஈர மண்.

"யாரு நீ? பேரச் சொல்லு" என்று கோடங்கி உடுக்கையை அவள் முகத்துக்கு நேரே அடித்தான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் விரட்டிவிடுவான். உச்சிமயிரைப் பிடித்து இழுத்தார்கள். வேப்பங்குச்சியால் அடித்தார்கள். பூரணி இடது கையை மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். மூன்று ஆள் சேர்ந்து பார்த்தும் அந்தக் கையைப் பிரிக்க முடியவில்லை. கோடங்கி வாங்கினதைக் காளியாயியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது என்னால ஆகாது தாயி, இது பேயி மாதிரி இல்ல" என்று சொல்லி விடியும் முன்னே போய்விட்டான்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் வந்தது. பார்வை போகும்; கை வரும். இருபது நிமிஷம், மிஞ்சினால் அரை மணி. பார்வை திரும்ப ஆரம்பித்தால் கை விட்டுப் போகும். அதன் பிறகு அந்த வலி.

ஐம்பத்தைந்தில் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் புது டாக்டர் ஐயா வந்தார். சண்முகராஜா என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், மழையிலும். அதற்கு முன்னே இருந்தவர் தலைவலி என்று போனால் தலையைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு வெள்ளைத் தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுப்பார். இவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவளை உட்கார வைத்து, ஒன்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் அவளிடம் கேட்காத ஒன்று.

"தலையிடி வாறதுக்கு முன்னம் கண்ணிலை ஏதும் வித்தியாசமாத் தெரியிறதோ?"

பூரணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, பென்சிலால் வரைந்தார். கோணல் கோணலாக ஒரு அரைவட்டம். வாளின் பல் போல. உள்ளே வெறுமை.

"இப்பிடியோ?"

அந்தக் காகிதத்தை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பதினைந்து வருஷமாக அவள் மண்டைக்குள்ளே மட்டும் இருந்த ஒன்று, இன்னொரு மனுஷன் கையால் வரையப்பட்டு அவள் மடியில் கிடக்கிறது. தலையை ஆட்டினாள். கண்ணீர் பென்சில் கோட்டின் மேலே விழுந்தது.

"எனக்கும் வாறது" என்றார் டாக்டர். "படிக்கிற காலத்திலையிருந்து. இது பேயுமில்லை, கண் பழுதுமில்லை. வெள்ளைக்காரன் மைகிரேன் எண்டு சொல்லுவான். மூளைக்குப் போற ரத்தக் குழாய் கொஞ்ச நேரம் சுருங்குது. பார்வைக்குரிய இடம் அந்த நேரம் வேலை செய்யாது. ஒரு கண்ணைப் பொத்திப் பாத்தாலும் அதே பக்கம்தான் தெரியாது. பாத்தனியோ?"

"ஆமாங்க."

"தாய்க்கும் இருந்திருக்கும்."

"இருந்துச்சுங்க."

"பசி கிடக்கக் கூடாது. நித்திரை முழிக்கக் கூடாது. பனிக்குள்ளையிருந்து திடீரெண்டு வெய்யிலைப் பாக்கக் கூடாது. பார்வை மறையத் தொடங்கினா நடக்காதை. இருந்த இடத்திலை இரு. அரை மணித்தியாலம், அவ்வளவுதான். தானாத் திரும்பி வந்திடும்."

பூரணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அர மணி நேரங்களா?"

"ஓம்."

"சும்மா உக்காந்திருந்தா போதுங்களா?"

"போதும்."

மடுவத்துக்கு வெளியே ஒரு கல் உண்டு. கொழுந்துக்காரிகள் கூடை இறக்குகிற கல். அதில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால்... தவளையைப் பற்றிப் பேசவிட்டிருந்தால்...

அவள் கத்தவில்லை. அழுகைகூட நின்றுவிட்டது. பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். பாலத்தை, கையை, படிக்கட்டை. சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா... உங்களுக்கு வாறப்ப, அந்தப் பக்கம் யாராச்சும் கையப் புடிப்பாங்களா?"

சண்முகராஜா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இல்லை" என்றார். "எனக்கு ஒருத்தரும் வாறதில்லை."

மறுநாள் அழகனை ஆள் விட்டுக் கூப்பிட்டார். அதே படத்தை அவனுக்கும் வரைந்து காட்டினார். பிறகு ஒரு காகிதத்தால் அவனுடைய பார்வையின் இடது பாதியை மறைத்து, மருந்துக் காம்பராவுக்குள்ளே நடக்கச் சொன்னார். அழகன் மேசையில் இடித்துக்கொண்டான். பெஞ்சில் இடித்துக்கொண்டான். இரண்டாம் தடவை இடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் வீட்டில் பூரணி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் எழுந்து போகவில்லை.

டாக்டர் கொழும்பிலிருந்து குளிசை வருவித்துக் கொடுத்தார். பார்வை மறையத் தொடங்கும்போதே ஒன்றை விழுங்க வேண்டும். நல்ல குளிசை. விழுங்கினாள்... வெளிச்சம் சீக்கிரமே அடங்கியது. வலி வரவில்லை.

கையும் வரவில்லை.

இரண்டாம் தடவையும் விழுங்கிப் பார்த்தாள். இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காற்றுதான் இருந்தது.

அதோடு குளிசையை நிறுத்திவிட்டாள். டாக்டர் கொடுக்கக் கொடுக்க வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தாள். டாக்டர் எதையெல்லாம் செய்யாதே என்று சொன்னாரோ, அதையெல்லாம் செய்தாள். பட்டினி கிடந்தாள். தூங்காமல் இருந்தாள். பனி விலகி வெயில் அடிக்கும்போது, ஈரக் கொழுந்துமேல் பளபளக்கிற வெளிச்சத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள். மகளோடு இருபது நிமிஷம். அதற்கு ஒரு பகல், ஒரு ராத்திரி வலி. அவளுக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை.

அழகன் ஒரு நாள் டப்பாவைக் கண்டுபிடித்தான். நாற்பது, ஐம்பது குளிசை. திறந்து பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏன் புள்ள?"

சொன்னாள். இவ்வளவு வருஷத்தில் அவனிடம் அதைச் சொன்னது அன்றுதான்.

அவன் டப்பாவை மூடினான். மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "முகம் தெரியுமா?"

"தெரியாது. அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது. கை மட்டுந்தான்."

"அடுத்த தடவ வந்தா... என்னையும் கூப்பிடு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. பூரணி சுவரோரம் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டாள். அவன் ஓடி வந்து இடது பக்கம் உட்காரப் போனான்.

"அங்க வேணாம். அது அவ எடம்."

வலது பக்கம் உட்கார்ந்தான். அவள் இடது கை தரையில் மல்லாந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் விரல்கள் மெல்ல மடங்கின, எதையோ சுற்றி. அந்த விரல்களுக்கு நடுவே இடம் இருந்தது. இன்னொரு கை இருக்கிற அளவுக்கு இடம்.

"வந்துட்டா" என்றாள்.

அழகன் அந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பேசினான். "மீனா... அப்பா பேசுறேன். அன்னிக்கு நாந்தான் ஒன்னயக் கூட்டியார வேண்டியது. ரெண்டு மணிக்கே வேல முடிஞ்சிருச்சு. பொகவந்தலாவைக் கடையில சீட்டாடிக்கிட்டு உக்காந்துட்டேன். இந்தா வாறேன், இந்தா வாறேன்னு உக்காந்துட்டேன். உங்கம்மாகிட்ட இத நான் சொல்லல. அவளப் போயிக் கேட்டேன், கைய விட்டியான்னு."

தகரக் கூரையில் மழை தொடங்கியது.

பூரணி அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவனுடைய பாதி முகம்தான் தெரிந்தது. அந்தப் பாதியைப் பார்த்துச் சொன்னாள்:

"கைய இறுக்குறா. ஒங்களுக்காகத்தான்."

அதற்குப் பிறகு அவர்கள் வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. வாழ்ந்தார்கள். அவள் வலியில் கிடக்கும்போது அவன் ஈரத்துணி மாற்றுவான். குளிசை போடு என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். படித்தவர்கள் கேட்டால், நரம்புக் கோளாறு என்பார்கள். பார்வை தப்புகிறபோது தொடு உணர்வும் தப்பும், விரல் மரத்துப்போகும், சில்லென்று இருக்கும் என்று சண்முகராஜாவே பிறகு பொன்னையாவிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம்...

ஆனால் அறுபதாம் வருஷ வாக்கில் பூரணி அழகனிடம் ஒன்று சொன்னாள். அந்தக் கை இப்போது இரண்டு விரலைப் பிடிப்பதில்லை. நான்கு விரலையும் பிடிக்கிறது.

அதற்கடுத்த வருஷம், உள்ளங்கையோடு உள்ளங்கை.

கை வளர்ந்துகொண்டிருந்தது.

அறுபத்துநான்கு, ஆடி மாதம். பூரணி காய்ச்சலில் ஒன்பது நாளாகப் படுத்திருந்தாள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை, கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. பொன்னையா பார்க்க வந்திருந்தார். காய்ச்சல் மயக்கத்திலும் அவளுக்கு அது வந்தது; "மறையுது..." என்றாள். அழகனும் பொன்னையாவும் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இடது கை மடங்கியது. அரை மணி நேரம் அப்படியே இருந்தது. முகத்தில் ஒரு சந்தேகம் மட்டும். ஒன்றைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று யோசிக்கிறவள் மாதிரி.

பிறகு கை தளர்ந்தது.

"என்னா புள்ள?" என்றான் அழகன்.

"கை பெருசாயிருச்சுங்க. என் கை மாதிரியே இருக்கு." மூச்சு வாங்கினாள். "ஆனா... சொரசொரன்னு இருக்கு. வெரல்லாம் வெடிச்சிருக்கு."

அழகன் ராந்தலை எடுத்து அவள் கையைப் பார்த்தான். பிறகு பொன்னையாவைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

பூரணியின் இடது மணிக்கட்டில் நான்கு விரல் அடையாளம் இருந்தது. பச்சையும் கறுப்புமாக, பிசுபிசுவென்று, காயாமல். பொன்னையா கொழுந்து மலையில் முப்பது வருஷம் நின்றவர். முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் முகர்ந்து பார்த்தார்.

கொழுந்துக் கறை. பச்சைக் கொழுந்தை நாள் முழுக்கக் கிள்ளுகிற விரலில்தான் அது ஏறும்.

அழகன் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். யாரிடம் என்று இல்லாமல் சொன்னான்:

"அங்கயும் எம்புள்ளைக்குக் கூடையத்தான் மாட்டி விட்டிருக்காங்க."